பதினொரு ஒன்றும் ஒரு பழைய பேரேடும்

மார்ச் கடைசியில் கணக்கு வேலை செய்கிறவர்களின் பை கனக்கும். நிதியாண்டு 31 ஆம் திகதி முடிகிறது, அதற்குள் எல்லாம் நேராக வேண்டும். 2022 மார்ச்சில் நானும் கொழும்பு புறக்கோட்டைக் கடையிலிருந்து பேரேடுகளையும் மேசைக் கால்குலேட்டரையும் பையில் திணித்துக்கொண்டு, 100 ஆம் இலக்க பஸ்ஸில் நின்றபடியே வெள்ளவத்தைக்கு வந்து போய்க்கொண்டிருந்தேன். இலங்கையில் பொருளாதார நெருக்கடிக் காலம், வீட்டுக்கு வந்தால் கரண்ட் இருக்காது. காலி வீதிப் பக்கம் கடைகளின் ஜெனரேட்டர் சத்தம் மட்டும் கேட்கும். அக்கா ஒரு மெழுகுதிரியைக் கொண்டுவந்து மேசையில் வைப்பா. அந்த வெளிச்சத்தில் நான் கணக்கெழுத, எதிரே மருமகள், அக்காவின் மகள், சும்மா இருப்பாள்.

அவள் சும்மா இருந்ததற்கும் காரணம் உண்டு. ஒன்பதாம் தரம். கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையை அந்த மாதம் தள்ளிப்போட்டிருந்தார்கள். படிக்க மனமில்லை, ஃபோனில் சார்ஜும் இல்லை. ஒரு நாள் என் கால்குலேட்டரை இழுத்து எடுத்து, 1 என்ற விசையையே திரும்பத் திரும்ப அழுத்தினாள். திரை நிறைந்து, அதற்கு மேல் ஏற மறுத்தது. பன்னிரண்டு ஒன்று.

"மாமா, இதை உடைச்சுக் காட்டுங்கோ பாப்பம்."

உடைப்பது என்றால் காரணிப்படுத்துவது. அது லேசான வேலை என்று எனக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. நோட்டுக்கட்டு கட்டுகிறவனுக்கு இது பழக்கம். பன்னிரண்டு ஒன்றை மூன்று மூன்றாகக் கட்டலாம்: 111 × 1001001001. நான்கு நான்காகவும் கட்டலாம்: 1111 × 100010001. ஆறு ஆறாகக் கட்டினால் 111111 × 1000001. அரை மணித்தியாலத்துக்குள் அடிவரை போய்விட்டோம்: 3, 7, 11, 13, 37, 101, 9901. எல்லாம் முதன்மை எண்கள் (இந்தியப் புத்தகங்களில் பகா எண் என்று இருக்கும், எங்கள் பள்ளிக்கூடத்தில் முதன்மை எண்தான்). ஏழையும் பெருக்கினால் மறுபடியும் திரை நிறைய ஒன்று வந்து நிற்கும்.

அவள் முகத்தில் பெரிய திருப்தி இல்லை. அம்புக்குறி விசையை ஒரு தடவை அழுத்தினாள். ஒரு ஒன்று போய்விட்டது.

"சரி, இப்ப?"

11111111111. ஆயிரத்து நூற்றுப் பதினொரு கோடியே பதினொரு இலட்சத்துப் பதினோராயிரத்து நூற்றுப் பதினொன்று. இதைக் கட்டுக் கட்ட முடியாது, பதினொன்றே முதன்மை எண். இலக்கங்களைக் கூட்டினால் 11, ஆகவே 3 ஆல் வகுபடாது. 7 இல்லை, 11 இல்லை, 13 இல்லை, 17 இல்லை. அன்றிரவு கரண்ட் வரும்வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்து 100 ஐத் தாண்டினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. மூன்று வாரம் இந்த ஒரே எண்ணோடு மல்லுக்கட்டப் போகிறோம் என்று அப்போது தெரிந்திருந்தால் நான் நிலுவைக் கணக்குக்கே திரும்பியிருப்பேன்.

எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை முதலில் பார்த்தேன். ஓர் எண் உடைகிறது என்றால், அதன் சின்னக் காரணி வர்க்கமூலத்துக்குள்ளே இருக்கவேண்டும். வர்க்கமூல விசையை அழுத்தினால் 105409 சொச்சம். ஆக, ஒரு இலட்சத்து ஐயாயிரம் வரைக்கும் உள்ள முதன்மை எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்க்கவேண்டி வரலாம். அவை பத்தாயிரம் அளவில் இருக்கும். கரண்ட் இல்லாத இரவுகள் எத்தனை வந்தாலும் அதற்குப் போதாது.

வழி காட்டியது மருமகள்தான். அடுத்த நாள் நான் சின்ன எண்களில் ஆரம்பித்தேன். ஐந்து ஒன்று: 11111 = 41 × 271. ஏழு ஒன்று: 1111111 = 239 × 4649. இதை எழுதி வைத்துவிட்டு நான் பிளேன்டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது அவள் ஒவ்வொரு எண்ணிலும் ஒன்றைக் கழித்துப் பக்கத்தில் எழுதியிருந்தாள். 40, 270, 238, 4648. "ஐந்து ஒன்றுக்கு வந்த ரெண்டும் பத்தாலை வகுபடுது மாமா. ஏழு ஒன்றுக்கு வந்தது பதினாலாலை வகுபடுது." பார்த்தேன். 238 என்றால் 14 × 17. 4648 என்றால் 14 × 332. சரிதான். ஏன் ஒன்றைக் கழித்துப் பார்த்தாய் என்று கேட்டதற்கு, "சும்மா" என்றாள்.

சும்மா வந்த விஷயத்துக்குக் காரணம் தேடினேன். விடை மீளும் தசமத்தில் இருந்தது. 1 ஐ 41 ஆல் நெடுமுறையில் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் வரும் மீதியை எழுதினால் 1, 10, 18, 16, 37, பிறகு மறுபடி 1. ஐந்து படியில் சுற்று முடிகிறது. 99999 என்ற எண் 41 ஆல் மீதியின்றி வகுபடுவதால்தான் அப்படி. 2 இல் தொடங்கினால் 2, 20, 36, 32, 33, திரும்ப 2. 3 இல் தொடங்கினால் 3, 30, 13, 7, 29, திரும்ப 3. ஒரு சுற்றில் வந்த மீதி இன்னொரு சுற்றில் வராது. இப்படி 1 முதல் 40 வரையுள்ள மீதிகள் எல்லாம் ஐந்து ஐந்து பேராகக் கைகோத்து எட்டு வட்டமாக நின்றுவிடும். யாரும் வெளியே மிஞ்சமாட்டார்கள். ஆகவே 40 என்பது ஐந்தின் மடங்காக இருந்தே ஆகவேண்டும். அதோடு 41 ஒற்றை எண், 40 இரட்டை. இரண்டும் சேர்ந்தால் பத்தின் மடங்கு.

இது ஃபெர்மா என்ற பிரெஞ்சுக்காரர் 1640 இல் ஒரு கடிதத்தில் சொன்ன தேற்றத்தோடு சேர்ந்த விஷயம். உயர்தரத்தில் நான் இதைப் படித்திருக்கலாம். படித்தது நினைவில் இல்லை, வட்டமாக நிற்கும் பிள்ளைகள் இனி மறக்காது.

பதினொரு ஒன்றுக்கு இதைப் பொருத்தினால், அதன் காரணி எதுவானாலும் அதில் ஒன்றைக் கழித்தது 22 இன் மடங்கு. 22 ஐக் கூட்டிக்கொண்டே போகும் வரிசைதான்: 23, 45, 67, 89, 111, 133... இவற்றுக்குள்தான் அது ஒளிந்திருக்கிறது. பத்தாயிரம் முதன்மை எண்கள் என்ற பயம் ஆயிரமாகச் சுருங்கிவிட்டது. ஆயிரம் தடவை வகுப்பது ஒரு கணக்குப்பிள்ளைக்குப் பெரிய காரியமில்லை.

இனி வேலைத்தளம். புதுக் கொப்பி வாங்குகிற விலை அப்போது இல்லை. கடையில் முந்தின வருடப் பேரேடு ஒன்றில் எழுதாத பக்கங்கள் நிறைய மிஞ்சியிருந்தன, முதலாளியிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். பக்கத்துக்கு 40 வரி. முதல் பத்தியில் வரி எண், அடுத்ததில் அந்த வரி எண்ணை 22 ஆல் பெருக்கி ஒன்று கூட்டியது. எழுதும்போது பெருக்கத் தேவையில்லை, மேலே உள்ளதோடு 22 கூட்டினால் போதும். பக்கத்தின் கடைசி வரியில் மட்டும் பெருக்கிச் சரிபார்ப்பேன். கூட்டலில் ஒரு பிழை விழுந்தால் அது அடுத்த பக்கத்துக்கு ஏறாமலிருக்க.

பிறகு வெட்டு. முதன்மை அல்லாததால் வகுத்துப் பிரயோசனமில்லை, அதனால் வகுபடக்கூடிய வரிகளை முதலே கோடு போட்டுத் தள்ளிவிட வேண்டும். இதில் ஒரு சுகம் உண்டு. 3 ஆல் வகுபடுவது இரண்டாம் வரியில் தொடங்கி ஒவ்வொரு மூன்றாம் வரியும். 5 என்றால் இரண்டாம் வரியிலிருந்து ஐந்துக்கு ஒன்று. 7 என்றால் ஆறாம் வரி, 133, அதிலிருந்து ஏழுக்கு ஒன்று. 13 க்கு முதல் வருவது பத்தாம் வரி, 221. அங்கிருந்து பதின்மூன்று பதின்மூன்றாக இறங்க வேண்டும். வகுக்கவே வேண்டாம், வரியை எண்ணினால் போதும். கோட்டுக்குப் பக்கத்தில் எந்த எண்ணுக்காக வெட்டினோம் என்பதையும் பென்சிலால் சின்னதாக எழுதினோம். இது என் பழக்கம். பதிவை அடித்தால் காரணம் எழுதாமல் விடமாட்டேன். மருமகளுக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது.

கால்குலேட்டரில் பதினொரு ஒன்றை நினைவகத்தில் போட்டு வைத்தோம். ஒவ்வொரு முறையும் நினைவு விசை, வகுத்தல், எண், சமன். அவள் வாசிப்பாள், நான் அழுத்துவேன். 23 க்கு 483091787.434 வந்தது. 89 க்கு 124843945.067. அந்தப் புள்ளிக்குப் பின் வந்த பூச்சியத்தைப் பார்த்து ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. 12 இலக்கத் திரை நம்மை ஏமாற்றுமோ, மிகச் சின்ன மீதி ஒன்று திரைக்கு வெளியே விழுந்து, வகுபடாததையும் வகுபட்டது போலக் காட்டுமோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. கணக்குப் பார்த்தேன். வகுக்கும் எண்ணுக்கு எத்தனை இலக்கமோ, விடையில் தசமத்துக்குக் குறைந்தது அத்தனை இடம் திரையில் மிஞ்சும். மீதி வெறும் 1 ஆக இருந்தாலும் அந்த இடங்களுக்குள் தலை காட்டாமல் போகாது. பதினொரு இலக்க எண்ணுக்கு இந்தக் கால்குலேட்டர் அளவெடுத்துத் தைத்தது போல.

மார்ச் 31 அன்று கரண்ட் பதின்மூன்று மணித்தியாலம் இல்லை. அடுத்த சனி ஞாயிறு ஊரடங்கு. கேஸ் இல்லாமல் அக்கா மண்ணெண்ணெய் அடுப்போடு போராடிக்கொண்டிருக்க, நாங்கள் இரண்டு பேரும் பல்கனியில் இருந்து எண்களை வெட்டினோம். உதவி கேட்டால் ஓடி வருவோம், பிறகு திரும்பிப் போய் வெட்டுவோம். "இந்த ஒன்றை விட்டா உங்களுக்கு வேற ஒன்றும் இல்லையா?" என்று அத்தான் கேட்டார். அந்த இரண்டு நாளில்தான் வேலை பாதிக்கு மேல் நடந்தது.

முதல் ஆயிரம் எண்ணுக்குள் 22 வரிசையில் மிஞ்சும் முதன்மை எண்கள் பதினேழுதான். போகப் போக இன்னும் ஐதாகும். பத்தாயிரம் தாண்டினோம், இருபதாயிரம் தாண்டினோம். ஏப்ரல் இரண்டாம் கிழமையில் 35 பக்கம் முடிந்து 1400 ஆம் வரியில், அதாவது 30801 இல், நான் பென்சிலை வைத்துவிட்டேன். முந்நூறு தடவைக்கு மேல் வகுத்தாயிற்று. முழுதாக முடிக்க இன்னும் 3391 வரி எழுதவேண்டும். பேரேட்டிலும் பக்கம் தீர்ந்துகொண்டு வந்தது.

"இது முதன்மை எண்தான். இவ்வளவு தூரம் உடையாதது இனி உடையாது" என்று சொல்லிவிட்டேன். அது நிரூபணம் இல்லை, களைப்பு. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

பிழை எங்கே என்று தெரிய வந்தது 14 ஆம் திகதி, சித்திரைப் புத்தாண்டன்று. பொங்கலும் கைவிசேஷமும் முடிந்து, வீட்டில் எல்லோரும் படுத்துவிட்டார்கள். மருமகள் மட்டும் பேரேட்டை விரித்துவைத்து, வெட்டாமல் மிஞ்சியிருந்த எண்களைச் சும்மா சின்ன எண்களால் வகுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னை எழுப்பி 985 ஆம் வரியைக் காட்டினாள். 21671. வெட்டு இல்லை. அதை நாங்கள் வகுத்தும் பார்த்திருக்கிறோம், பக்கத்தில் 512717.969 என்று என் கையெழுத்து.

"இது பதின்மூண்டாலை வகுபடுது மாமா. 1667."

அப்படியானால் அந்த வரியில் 13 இன் கோடு விழுந்திருக்க வேண்டும். மேலே பார்த்தால் 984 ஆம் வரியில் ஒரு கோடு, பக்கத்தில் சின்னதாக 13. ஒரு வரி முந்தி விழுந்திருக்கிறது. தூக்கம் போய்விட்டது.

பின்னோக்கி எண்ணிக்கொண்டு போனோம். 971 பிழை. 959 சரி. 959 ஒரு பக்கத்தின் கடைசிக்கு முதல் வரி. அங்கேதான் நடந்திருக்கிறது. பக்கத்தைத் திருப்பும்போது, கோடு போட்ட வரியையே ஒன்று என்று எண்ணத் தொடங்கி, அடுத்த வரியை இரண்டு என்று எண்ணி, புதுப் பக்கத்தின் பதினோராம் வரியில் பதின்மூன்று என்று நிறுத்தியிருக்கிறேன். பன்னிரண்டாம் வரிக்குப் போயிருக்க வேண்டும். 971 இல் விழுந்த அந்தத் தவறு அதற்குப் பிறகு எல்லாப் பக்கத்துக்கும் ஒழுங்காக ஏறியிருந்தது. விடுமுறைச் சம்பளம் கணக்கிடும்போது முதல் நாளைச் சேர்ப்பதா விடுவதா என்று கடையில் பொடியன்களோடு வருடா வருடம் சண்டை பிடிக்கிறவன் நான்.

காரணம் எழுதி வெட்டியது இங்கே கைகொடுத்தது. 959 க்குப் பிறகு 13 என்ற குறிப்பு மட்டும் உள்ள வரிகளைத் தேடினால் போதும். வேறு குறிப்பும் இருந்தால் அது எப்படியும் வெட்டுப்படவேண்டியதுதான். 971 இல் 21363, அதற்கு 3 என்ற குறிப்பும் இருந்தது. போகட்டும். அடுத்தது 984. குறிப்பு 13 மட்டும். எண் 21649.

அவளே அழுத்தினாள். நினைவு விசை, வகுத்தல், 21649, சமன்.

513239. புள்ளிக்குப் பின் ஒன்றும் இல்லை.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு நான் கடைப் பழக்கத்தில் ஒன்பது தள்ளிப் பார்த்தேன். 21649 இன் இலக்கங்களைக் கூட்டினால் 22, அதைக் கூட்டினால் 4. 513239 க்கு 23, அது 5. நான்கும் ஐந்தும் பெருக்கினால் 20, அது 2. பதினொரு ஒன்றைக் கூட்டினால் 11, அதுவும் 2. கால்குலேட்டர் சரியாகச் சொன்னாலும் ஒன்பது தள்ளாமல் எனக்கு மனம் ஆறாது.

சரி, இந்த இரண்டும் இன்னும் உடையுமா? அதற்கு ஒரு வகுத்தலும் தேவைப்படவில்லை. 21649 க்குக் காரணி இருந்தால் அது பதினொரு ஒன்றுக்கும் காரணி. அதைவிடச் சின்னது எல்லாவற்றையும் ஏற்கனவே பார்த்தாயிற்று, அந்தப் பகுதியில் எண்ணிக்கைப் பிழையும் இல்லை. 513239 இன் வர்க்கமூலம் 716 சொச்சம். அது உடைவதாக இருந்தால் 717 க்குள் ஒரு காரணி வேண்டும், அதையும் பேரேட்டின் முதல் பக்கத்திலேயே பார்த்து முடித்துவிட்டோம். இரண்டும் முதன்மை எண்கள். இந்த இடத்தைத்தான் நான் மருமகளுக்கு இரண்டு தடவை சொன்னேன். தோற்றுப்போன வகுத்தல்கள் எல்லாம் கடைசியில் சாட்சிக்கு வந்து நின்றன.

இன்னொன்று பிறகுதான் தெரிந்தது, முதலே தெரிந்திருந்தால் வேலை பாதியாகியிருக்கும். வட்டம் பதினொன்று நீளம் என்றால், பத்தைப் பன்னிரண்டு தடவை பெருக்கினாலும் மீதி பத்துத்தான். பன்னிரண்டு தடவை என்பது ஆறு தடவையின் வர்க்கம். ஆகவே அந்தக் காரணியைப் பொறுத்தவரை பத்து ஒரு வர்க்க எண்ணின் மீதி. அப்படிப்பட்ட முதன்மை எண்களை 40 ஆல் வகுத்தால் 1, 3, 9, 13, 27, 31, 37, 39 இவற்றில் ஒன்றுதான் மிஞ்சும். இதற்குப் பின்னால் இருப்பது காவுஸ் என்ற ஜெர்மன் கணிதர் 18 வயதில் நிரூபித்த விதி. 23 ஐ நாங்கள் வகுத்தே பார்த்திருக்கத் தேவையில்லை. ஆயிரத்துக்குள் இருந்த பதினேழும் எட்டாகக் குறைந்திருக்கும். 21649 ஐ 40 ஆல் வகுத்தால் மீதி 9. 513239 க்கு 39. ஆனால் 21671 க்கும் மீதி 31 வரும், ஆகவே இந்தச் சல்லடை என் எண்ணிக்கைப் பிழையைப் பிடித்திருக்காது.

மருமகள் அடுத்ததைக் கேட்டாள். பதின்மூன்று ஒன்று. திரையில் ஏறாது, காகிதத்தில் நெடுமுறையில்தான் வகுக்கவேண்டும். இதற்கு 26 இன் வரிசை: 27, 53, 79. 27 முதன்மை இல்லை. 53 ஆல் வகுக்கத் தொடங்கினாள். மீதி இல்லாமல் முடிந்தது. 20964360587. நம்பாமல் மறுபடி செய்தாள். அதே விடை. அடுத்து 79, அதுவும் மீதியில்லை. 265371653. பத்து நிமிடத்தில் இரண்டு காரணி! நூறு மடங்கு பெரிய எண், கையில் எடுத்ததும் உடைந்துவிட்டது. பதினொன்றுக்கு மூன்று வாரம். இது நியாயமில்லை என்று அவள் சொன்னதை நானும் ஒத்துக்கொண்டேன். எண் எவ்வளவு பெரிது என்பதில் ஒன்றுமில்லை, அதன் மிகச் சின்னக் காரணி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதில்தான் எல்லாம்.

மிஞ்சிய 265371653 முதன்மைதானா என்று பார்க்க 16290 வரை போகவேண்டும். அதை அத்தானின் மடிக்கணினியில் பைதான் என்ற நிரல்மொழியிடம் கொடுத்தேன். 26 ஐக் கூட்டு, வகு, மீதி பூச்சியமா பார், இல்லாவிட்டால் திரும்பக் கூட்டு. நான்கு வரி. கண் சிமிட்ட முதல் விடை: உடையாது. பேரேட்டில் மூன்று வாரம் செய்ததும் இதே நான்கு வரிதான், ஆனால் இயந்திரம் பக்கம் திருப்பும்போது தடுமாறாது. பதினேழு ஒன்றையும் கொடுத்தேன். 2071723 × 5363222357. 34 இன் வரிசையில் அந்தச் சின்னக் காரணி 60933 ஆவது எண். என் பேரேட்டு முறையில் 1524 பக்கம். அந்தக் கதையை அங்கேயே விட்டேன்.

பத்தொன்பது ஒன்றுக்குத்தான் மடிக்கணினியின் மின்விசிறி சத்தம் போட்டது. வர்க்கமூலம் 105 கோடிக்கு மேல், 38 இன் வரிசையில் 2 கோடியே 77 இலட்சத்துக்கும் அதிகமான எண்கள். எல்லாவற்றையும் பார்த்து முடித்து, ஒன்றும் இல்லை என்று சொல்லி நின்றது. 1111111111111111111 முதன்மை எண். இதை 1916 இல் ஹோப்பே என்பவர் நிரூபித்திருக்கிறார், கணினி என்ற பேச்சே இல்லாத காலத்தில். முந்நூறு வகுத்தலில் ஒரு பிழை விட்டவன் என்ற முறையில், அவருடைய கொப்பியை ஒரு தடவை பார்க்க எனக்கு ஆசை.

வெறும் ஒன்றுகளால் ஆன எண்களுக்கு ரெப்யூனிட் என்று 1966 இல் ஆல்பர்ட் பைலர் பெயர் வைத்தார். இவற்றில் முதன்மையாக வருவது மிகக் குறைவு. 2 ஒன்று, 19 ஒன்று, 23 ஒன்று, பிறகு 317, பிறகு 1031. அடுத்தது 49081 ஒன்று. அது பெரும்பாலும் முதன்மையாகத்தான் இருக்கும் என்று 1999 முதல் தெரிந்திருந்தாலும், நிரூபணம் முடிந்தது நாங்கள் மெழுகுதிரியில் வெட்டிக்கொண்டிருந்த அதே 2022 இல். செய்தவர் பால் அண்டர்வுட். இதை மருமகளிடம் சொன்னபோது, "அவருக்குக் கரண்ட் இருந்திருக்கும்" என்றாள்.

பேரேட்டைக் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகவில்லை. கால்குலேட்டரைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். விடுமுறை முடிந்து நான் பையைக் கட்டும்போது அவள் ஒரு நிமிடம் என்று வாங்கி, 1 ஐ 21649 ஆல் வகுத்தாள். திரையில் 0.00004619151. ஒரு முழு வட்டம், பதினொரு இலக்கம், அதற்கு மேல் திரையில் இடமில்லை. 513239 ஐ ஒன்பதால் பெருக்கினால் 4619151 வரும், அதுதான் அங்கே பூச்சியங்களுக்குப் பின்னால் நிற்கிறது. பிறகு 1 ஐ 513239 ஆல் வகுத்தாள். 0.00000194841. இது 21649 இன் ஒன்பது மடங்கு. ஒன்றின் வட்டத்துக்குள் மற்றது.

"பதின்மூண்டுக்கு இப்பிடித் தெரியாது என்ன?" என்று 53 ஆல் வகுத்துப் பார்த்தாள். 0.01886792452. வட்டம் முடிய இன்னும் இரண்டு இலக்கம் வேண்டும். அதற்கு 14 இலக்கக் கால்குலேட்டர் ஒன்று கடையில் இருக்கிறது, முதலாளியின் மேசையில்.